இரண்டாவது கிண்ணம்

கனசாவாவில் அம்மா குடித்த முதல் கிண்ணத்தைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது எனக்கும் தெரியாமல் நடந்தது. மறுநாள் அதே கடையில், அதே மேசையில், அதே சூப்பை நான் தெரிந்தே அவள் முன்னால் வைக்க விட்டேனே, அதுதான் இன்னும் உள்ளே கிடந்து அறுக்கிறது. ஜப்பானிலிருந்து திரும்பி ஒரு வருஷம் ஆகப் போகிறது. பயணம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் பனியைப் பற்றிச் சொல்கிறேன், ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். கிண்ணத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன டிசம்பரில் பையனின் அரையாண்டு விடுமுறையை ஒட்டி நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். நான், கணவர், பதினோரு வயது மகன், அம்மா. அப்பா போன பிறகு அம்மா திருநெல்வேலி வீட்டைவிட்டு அசைந்ததே இல்லை. அறுபத்தெட்டு வயதுக்குள் பனியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பேரனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவன் என்னிடம் சொன்னான். ஒன்பது நாள் திட்டம் போட்டேன். தோக்கியோவில் இரண்டு நாள், அங்கிருந்து ஜப்பான் கடல் பக்கம் உள்ள கனசாவா, பிறகு மலைக்குள் ஷிரகவாகோ, தகயாமா, கடைசியாக நகோயா வழியாகத் திரும்புவது. பனி அந்தப் பக்கம்தான் கொட்டும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, மலையில் முட்டி, அந்தக் கரையிலேயே அத்தனையையும் கொட்டிவிடுகிறது. தோக்கியோவில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நகானோவைத் தாண்டி ரயில் நீண்ட சுரங்கங்களுக்குள் புகுந்து வெளியே வந்தபோது உலகமே வெள்ளையாகிவிட்டது. அம்மா ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு, "யாரோ சுண்ணாம்பு அடிச்சு விட்டிருக்காவ" என்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

சாப்பாட்டுப் பெட்டி

எங்கள் வீடு தலைமுறை தலைமுறையாகச் சைவம். அம்மாவுக்கு முட்டை போட்ட கேக்கும் ஆகாது. காளானைக்கூட வெகுகாலம் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜப்பானிய விடுதி அறைகளில் வெந்நீர்க் கெட்டில் இருக்கும், கடைகளில் வேகவைத்த வெறுஞ்சோறு டப்பாவில் கிடைக்கும் என்பதால் அதை வைத்தே சமாளித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் ஒரு வேளை, இரண்டு வேளை பொடிச்சோறு தின்னலாம். மூன்றாம் நாள் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவள், வாழைப்பழமும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு என்னட்டி பசி, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளை எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிடுவது எனக்கு விஷம் மாதிரி இருந்தது.

கனசாவாவில் இறங்கிய மாலை மழையும் பனியும் கலந்து கொட்டியது. "சோத்துப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று அந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு. அந்த வானத்தைப் பார்த்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள். பனி உறைந்து கிடக்காமல் இருக்க, சாலை நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சியடிக்கிறார்கள். குளிர்காலத்திலும் அந்தத் தண்ணீரில் பூமியின் வெதுவெதுப்பு கொஞ்சம் இருக்கும், பனி கரைந்து ஓடிவிடும். தண்ணீரிலுள்ள இரும்பினால் சாலையெல்லாம் செங்காவி ஏறிக் கிடக்கிறது. வழுக்காது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெருவைக் கடக்கும்போது அம்மாவின் துணிச் சப்பாத்து இரண்டும் முழுக்க நனைந்துவிட்டன. காலுறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. உதடு நடுங்க நின்றவளைக் கைப்பிடித்துப் பக்கத்துச் சந்தில் தெரிந்த முதல் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

எட்டுப் பேர் உட்காரக்கூடிய, ஊதோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸ் விற்கும் கடை. வயதான கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். நான் ஊரிலிருந்தே ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டை அச்சடித்துக் கொண்டு போயிருந்தேன்: 'இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டோம்.' அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி நிதானமாக வாசித்துத் தலையசைத்தார். அம்மாவின் ஈரக் காலைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி ஒரு துண்டும் கம்பளிக் காலுறையும் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு கிண்ணம் வந்தது. தடித்த வெள்ளை ஊதோன், மேலே இனிப்பும் உப்புமாக ஊறிய, தோஃபு என்கிற சோயாக்கட்டிப் பொரியல், பொன்னிறத்தில் தெளிந்த சூப்பு. அம்மா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். "ரசம் மாதிரியும் இல்ல, சுக்குவெந்நி மாதிரியும் இல்ல. லேசா ஒரு புகை வாசம் இருக்கு. ஆனா தொண்டைக்கு இதமா இருக்குட்டி" என்றாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். மூன்று நாளில் அன்றுதான் அவள் முகத்தில் நிறம் வந்தது.

அந்த நேரத்தில் அடுப்படித் திரை விலகியது. பெரிய பானையிலிருந்து ஒரு வலைக்கரண்டியை அந்த முதியவர் தூக்கினார். அதில் நனைந்த மரச்சீவல் மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு குவியல்.

அது என்ன என்று எனக்குத் தெரியும். கிளம்பும் முன் வாசித்திருந்தேன், வாசித்ததை அந்தக் குளிரில் மறந்திருந்தேன். கட்சுஓபுஷி. சூரை மீனை வேகவைத்து, நாள்கணக்கில் புகைபோட்டு, கட்டை மாதிரி காயவைத்துச் சீவி எடுப்பது. தூத்துக்குடிப் பக்கம் மாசிக்கருவாடு என்று சொல்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட சகோதரம். ஜப்பானியச் சமையலின் அடித்தண்ணீரான தாஷி, பெரும்பாலும் இதையும் கொம்பு என்ற கடற்பாசியையும் கொதிக்கவைத்து எடுப்பதுதான். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அட்டையில் மீன் வேண்டாம் என்று இருந்தது, கிண்ணத்தில் மீன் துண்டு இல்லை. தாஷியை அங்கே பலர் மீன் என்று நினைப்பதில்லை, நாம் பெருங்காயத்தைக் காய்கறி என்று எண்ணாததைப் போல. தாஷி என்ற சொல்லை அட்டையில் எழுதாதது என் தவறு.

அம்மா வெறும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. இரவில் கணவரிடம் சொன்னேன். "இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது? வாந்தி எடுத்துட்டு மிச்ச நாளும் பட்டினி கிடப்பாங்க" என்றார். நான் தேடிக்கொண்டிருந்த பதிலும் அதுதான்.

மறுநாள் கென்ரோகுஎன் தோட்டத்துக்குப் போனோம். அந்தப் பக்கத்துப் பனி ஈரப்பனி, கனமானது, கிளையை முறித்துவிடும். அதனால் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1ஆம் தேதி தொடங்கி, பைன் மரங்களுக்கு நடுவே உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கயிறாக இறக்கிக் கட்டிவிடுகிறார்கள். யுகிட்சுரி என்று பெயர். மரத்துக்கு மேல் கயிற்றால் ஒரு கோபுரம் எழுந்த மாதிரி இருக்கிறது. அம்மா கராசாகி பைன் என்ற மரத்தடியில் வெகுநேரம் நின்றாள். "மரம் முறியுததுக்கு முன்னாலயே கட்டியிருக்காவ பாரு" என்றாள். எனக்கு முந்தின இரவின் ஞாபகம் வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையன் அங்கே ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு அழுதான். ஒரு சுற்று சுற்றி வந்தபோது யாரோ அதை எடுத்து, பனியில் நனையாதபடி மூங்கில் வேலியின் நுனியில் மாட்டி வைத்திருந்தார்கள், ஐந்து விரலும் வானத்தைப் பார்த்தபடி.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "நேத்துப் போன கடைக்கே போவமாட்டி?"

போனோம். நான்தான் கூட்டிப்போனேன். அந்த ஐந்து நிமிட நடையில் குறைந்தது பத்து இடத்தில் நின்று சொல்லியிருக்கலாம். அவள் பசியோடு இருக்கிறாள், வயதானவள், குளிர் மைனசில் போகப்போகிறது, சாமி இதையெல்லாம் கணக்கில் எடுக்காது, தெரியாமல் சாப்பிட்டால் பாவமில்லை. ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அம்மா குடித்தாள். அந்தக் கடை அம்மாவிடம் கைகூப்பி, கம்பளிக் காலுறையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவின் கையிலேயே அழுத்தினார்.

ஷிரகவாகோ

30ஆம் தேதி பேருந்தில் மலையேறினோம். ஷிரகவாகோவிலுள்ள ஒகிமாச்சி என்ற கிராமத்தின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கைகூப்பியது போல் செங்குத்தான புல் கூரைகள், மேலே ஆள் உயரப் பனி. 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். படத்தில் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கூரைச் சட்டங்களில் ஆணி கிடையாது, கயிறும் வளையும் இளங்கொம்புகளும்தான் கட்டு. பனி அழுத்தும்போது முறியாமல் இளகிக் கொடுக்கும். மேல்மாடிகளில் பட்டுப்புழு வளர்த்திருக்கிறார்கள். நடுக்கூடத்து இரோரி அடுப்பின் புகை மேலேறி கூரைப்புல்லில் படிந்து, பூச்சி அரிக்காமல், ஈரம் தங்காமல் காக்கிறது. கூரை மாற்றும் நாளில் ஊரே கூடி ஏறும், கூலி கிடையாது, யுயி என்று அதற்குப் பெயர். இன்று உனக்கு, நாளை எனக்கு. அம்மாவின் சின்ன வயதில் ஊரில் ஓலைக்கூரை வேய்ந்ததை வழியெல்லாம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். முழங்கால்வரை பனியில் இறங்கி ஒரு கைப்பிடி அள்ளி நெற்றியில் வைத்துக்கொண்டாள். பனியைத் திருநீறு மாதிரி பூசியவள் அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இரவு தங்கியது அப்படி ஒரு வீட்டில். வீட்டுக்காரம்மாவுக்கு அம்மாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். முன்பதிவின்போதே சைவம் என்று எழுதியிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் சின்னச் சின்னத் தட்டுகள். அம்மாவின் தட்டு மட்டும் வேறு. மலைக்கீரை, கிழங்கு, தோஃபு, ஒரு மூடி போட்ட சூப்புக் கிண்ணம். வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்கவில்லை, நேராக அம்மா பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். ஏதோ சொன்னார். என் பையன் பெருமையாகத் தன் கைப்பேசியை நீட்டினான். ஆச்சிக்காக மொழிபெயர்ப்புச் செயலியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருக்கிறான், எனக்குத் தெரியாது. அதுவரை ஜப்பான் முழுவதும் என் வாய் வழியாகத்தான் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளே எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"மற்ற சூப்புகளில் மீன் சேரும். உங்களுக்குத் தனியாகச் செய்தேன். கடற்பாசி, உலர்ந்த காளான் மட்டும். கவலை வேண்டாம்."

வீட்டுக்காரம்மா உள்ளே போய் ஒரு கொம்புப் பட்டையைக் கொண்டுவந்து காட்டினார். காய்ந்த பனையோலை மாதிரி கறுப்பாக, மேலே வெள்ளைப் பொடி பூத்து. அம்மா அதை வாங்கி மோந்து பார்த்தாள். அவருக்குக் கைகூப்பினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கடையில?"

நான் பொய் சொல்லவில்லை. அதற்குமேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா. மாசி மாதிரி. தண்ணியில மட்டும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாள். நீ குடிச்சு முடிச்சப்புறம்."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மூடியைத் திறந்தாள், அந்தக் கொம்புச் சூப்பை நிதானமாகக் குடித்தாள், தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பிற்பாடு சொன்னாள்: "எனக்குன்னு தனியா அடுப்பு மூட்டியிருக்கா ஒருத்தி. அதைத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சா அதுதான் பாவம்." ஆனால் அன்றிரவு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் படுத்த பிறகு இரோரி அடுப்பு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். சாம்பலுக்குள் கங்கு சிவந்து சிவந்து அணைந்துகொண்டிருந்தது.

"உனக்கு உடம்புக்கு ஆகாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"மீனு வயித்துக்குள்ள போனது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அது கெடக்கட்டும்," என்றாள். "ரெண்டாவது நாளு உனக்குத் தெரியும்லா?"

நான் பேசவில்லை.

"நீ மெட்ராஸ்ல படிக்கப்போன நாள்லருந்து என்ன திங்கிறேன்னு எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுல என்ன சமைக்காவன்னும் தெரியும். ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? அது உன் வாயி. இது என் வாயி இல்லையாட்டி?"

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சாம்பலை ஒரு இரும்புக் குச்சியால் கிளறிக்கொண்டே, காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். இருபது வருஷமாக நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை, அவள் இருபது வருஷமாகத் தொடாமல் வைத்திருக்கிறாள்.

பிள்ளையாக்கிவிடுவது

'வயசான அப்பா அம்மாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கணும்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், அதில் பெருமையும் பட்டிருக்கிறேன். மாத்திரையை நாம் எடுத்துக் கொடுக்கிறோம், வங்கி விவரத்தை நாம் பார்த்துக்கொள்கிறோம், மருத்துவர் சொன்னதில் பாதியை மறைத்து மீதியைச் சொல்கிறோம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தைக்கு என்ன தெரிய வேண்டும், என்ன தெரியக்கூடாது என்று முடிவெடுக்கும் அதிகாரமும் அந்த அன்போடு சேர்ந்தே நம் கைக்கு வந்துவிடுகிறது. கனசாவாவின் அந்த ஐந்து நிமிட நடையில் நான் அம்மாவின் பசியைப் பற்றி யோசித்தேன், உடம்பைப் பற்றி யோசித்தேன், சாமியின் சார்பில்கூட யோசித்தேன். அவளிடம் கேட்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? 'உடம்புக்கு முடியல, குடிச்சிக்கிடுதேன்' என்று சொல்லியிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும் வாய்ப்பைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

கணவர் இன்றுவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. பட்டினி கிடந்து சர்க்கரை இறங்கி அந்நிய ஊரில் மயங்கி விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்கிறார். அது நியாயமான கேள்வி. எனக்கு அதற்குப் பதில் இல்லை. ஆனால் அவள் மயங்கி விழும் நிலையில் இல்லை, பசித்தாள், அவ்வளவுதான். அவள் பசியைப் பார்க்க முடியாமல் தவித்தது நான்.

31ஆம் தேதி தகயாமா. நள்ளிரவில் கிழக்குக் குன்றுப் பக்கத்துக் கோயில்களிலிருந்து மணி கேட்டது. வருஷக் கடைசி இரவில் 108 முறை அடிப்பார்கள், மனிதனுக்குள்ள 108 ஆசாபாசங்களையும் கழிக்க என்று கணக்கு. நூற்றெட்டு என்றதும் அம்மா எழுந்து உட்கார்ந்து தானும் எண்ண ஆரம்பித்தாள், எழுபதுக்குமேல் தூங்கிவிட்டாள். மறுநாள் புத்தாண்டு, கடைத்தெருவே அடைத்துக் கிடந்தது. ஜப்பானில் வருஷப்பிறப்புக்கு முதல் இரண்டு மூன்று நாள் பெரும்பாலான கடைகள் திறக்காது என்பதை நான் திட்டத்தில் சேர்க்கவில்லை. எப்போதும் திறந்திருக்கும் சிறுகடை ஒன்றுதான் கதி. அங்கே நானும் பையனும் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தோம். 'கட்சுஓ' என்பதற்கு மூன்று எழுத்து, மீனுக்கு ஒரு சித்திர எழுத்து. அந்த நாலையும் மனப்பாடம் செய்துகொண்டோம். சோற்றுருண்டையில் இருந்தது, நொறுக்குத்தீனியில் இருந்தது, பார்த்தால் வெறும் காய்கறி போலிருந்த ஊறுகாயிலும் இருந்தது. கடைசியில் டப்பா வெறுஞ்சோறும் அம்மாவின் பருப்புப் பொடியும்தான். பொட்டலங்களை நான் தள்ளி வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டி இதில் இருக்கிறது, இதில் இல்லை, இது எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். தெரியவில்லை என்றதை அவள் தொடவில்லை. சோற்றைப் பிசைந்து பேரனுக்கு ஒரு உருண்டை, எனக்கு ஒரு உருண்டை கையில் வைத்தாள். மூன்று நாளில் அதுதான் அவள் முதலில் எனக்குக் கொடுத்தது.

கொம்புச் சூப்பு ஏன் அத்தனை ருசி என்று ஊருக்கு வந்த பிறகு வாசித்தேன். 1908இல் இகேடா கிகுனாயே என்ற தோக்கியோ விஞ்ஞானி கொம்புத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி அந்த ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டுபிடித்து, உமாமி என்று பெயர் வைத்தார். தக்காளியிலும் அதே பொருள் உண்டு. ரசத்தில் பாதி வேலையை அதுதான் செய்கிறது. மீனே சேர்க்காமல் அந்தச் சுவையை எடுக்க முடியும் என்பதைப் புத்த மடத்துச் சமையல்காரர்கள் நூற்றாண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஷிரகவாகோ வீட்டுக்காரம்மாவுக்கும் அது கைவந்தது. கனசாவாவிலும் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை.

ஷிரகவாகோவில் விடைபெறும்போது வீட்டுக்காரம்மா ஒரு முழக் கொம்புப் பட்டையைத் தாளில் சுற்றி அம்மாவிடம் கொடுத்திருந்தார். ஆடி மாதம் அம்மா தொலைபேசியில் அழைத்தாள். அதைப் பாதி வெட்டி ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் சொதி வைத்துப் பார்த்தாளாம்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"தேங்காப்பாலுக்குள்ள அது அமுங்கிப்போச்சு. சரிப்படல. இஞ்சியைக் கொறைச்சிருக்கணுமோ என்னமோ." கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். "மிச்சப் பாதி இருக்கு. தாள்ல என்னமோ பொடிசா எழுதியிருக்கு. நீ வரும்போது வாசிச்சுச் சொல்லு, அப்புறம் வெறுந்தண்ணியில போட்டுப் பார்ப்போம்."